கண்ணாடிப் பெட்டிக்குள் கண்மணி!

பெற்றோரின் மனப் பலத்தையும் அளந்து பார்க்கிறார்கள்

1963-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மனைவி ஜாக்குலினுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மாதம் நிறையவில்லை. ஐந்தரை வாரம் முந்திக்கொண்டது குழந்தை. எடை சுமார் 2 கிலோ 100 கிராம். பாட்ரிக் என்று பெயர் வைத்தார்கள்.

பிறந்த சிறிது நேரத்திலேயே குழந்தைக்கு மூச்சுத் திணறியது. நுரையீரல் முதிரவில்லை. உடனே குழந்தையைப் பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தாயோ ஆபரேஷன் செய்த உடம்போடு, பல மைல் தூரத்தில், ஓட்டிஸ் விமானப்படைத் தளத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். தந்தை தாயிடம் ஓடுவதும், குழந்தையிடம் ஓடுவதுமாக இருந்தார்.

ஆகஸ்டு 9-ந் தேதி அதிகாலையில் குழந்தை இறந்தது. அடக்கம் நடந்தபோதும் தாயால் வர முடியவில்லை. அவர் படுக்கையிலேயே இருந்தார்.

பெரிய பதவி இருந்தது. பணம் இருந்தது. கெட்டிக்கார டாக்டர்கள் இருந்தார்கள். ஆனால், அந்த நோய்க்கு மருந்துதான் இல்லை!

இன்று அந்த நிலை மாறிவிட்டது. குறைமாதக் குழந்தையின் நுரையீரல் ஏன் விரிவதில்லை என்ற காரணத்தை 1959-ம் ஆண்டிலேயே மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்க டாக்டர் அம்மையார் கண்டுபிடித்திருந்தார். நுரையீரலின் உட்புறத்தில் ஒரு வழவழப்பான பொருள் பூசியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், மூச்சுவிடும் ஒவ்வொரு தடவையும் நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொருளைக் குழந்தையின் நுரையீரலுக்குள் செலுத்தி உயிரைக் காப்பாற்றலாம் என்பதை 1980-ம் ஆண்டில் ஜப்பானிய டாக்டர் புஜிவாரா காட்டினார். பாட்ரிக்கைப் போன்ற எடையுள்ள குழந்தைகள், நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரியில் பிறந்தால், இன்று பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன.

குழந்தைக்கு மருந்து கிடைத்துவிட்டது. சரி, அந்தத் தாய்க்கும் தந்தைக்கும்?

எல்லாவற்றுக்கும் அளவு உண்டு

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்து பார்த்தால், அது ஒரு தனி உலகம்.

வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே மிகச் சிறியதாக ஒரு குழந்தை. மூக்கில் குழாய். கையில் ஊசி. காலில் ஒரு சிறு சிவப்பு விளக்கு. பக்கத்தில் ஒரு கருவி "பீப், பீப்" என்று கத்திக்கொண்டே இருக்கிறது.

குழந்தையின் இதயம் நிமிஷத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது? அளக்கிறார்கள். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு? அளக்கிறார்கள். உடம்புச் சூடு எவ்வளவு? நேற்றைக்கு இன்றைக்கு எத்தனை கிராம் எடை கூடியது? எத்தனை சொட்டுப் பால் இறங்கியது? எல்லாம் அளந்து, எழுதி வைக்கிறார்கள்.

வெளியே ஒரு நீளமான பெஞ்சு. அதில் தந்தை உட்கார்ந்திருக்கிறார். மூன்று நாளாக அவர் சரியாகத் தூங்கவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. வேலைக்குப் போனாலோ, இங்கே யார் கூப்பிடுவார்களோ என்ற பயம். வீட்டில் மூத்த பிள்ளை பாட்டியிடம் அழுதுகொண்டிருக்கிறது. பிரசவ வார்டில் படுத்திருக்கும் தாய், பக்கத்துக் கட்டிலில் பால் குடிக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

இந்த இருவருடைய நெஞ்சில் எவ்வளவு பாரம்? அதை எந்தத் தராசில் நிறுப்பது?

நிறுக்க முடியும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அந்தத் தராசு இரும்பால் செய்ததல்ல. கேள்விகளால் செய்தது!

போரில் பிறந்த தராசு

இந்தக் கதை ஆஸ்பத்திரியில் தொடங்கவில்லை. போர்க்களத்தில் தொடங்குகிறது.

இரண்டாவது உலகப் போர். அமெரிக்காவில் லட்சக்கணக்கான தந்தைமார் பட்டாளத்துக்குப் போனார்கள். மனைவி தனியாகக் குடும்பத்தை நடத்தினாள். போர் முடிந்து கணவன் திரும்பி வந்தான். சில குடும்பங்களில் வாழ்க்கை மறுபடியும் பழையபடி ஓடியது. சில குடும்பங்கள் உடைந்து போயின. கஷ்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். முடிவு மட்டும் ஏன் வேறு வேறாக இருக்கிறது?

ரூபன் ஹில் என்ற பேராசிரியர் இதைக் கேட்டார். அயோவா மாநிலத்தில் 135 குடும்பங்களை ஆராய்ந்து, 1949-ம் ஆண்டில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் சொன்னது மிகவும் எளிமையான ஒரு கணக்கு.

முதலாவது, வந்த துன்பம். இரண்டாவது, அதைத் தாங்குவதற்குக் குடும்பத்தின் கையில் உள்ள பலம்: பணம், உறவு, உடல்நலம், ஒற்றுமை எல்லாம் இதில் சேர்த்தி. மூன்றாவது, அந்தத் துன்பத்தைக் குடும்பம் எப்படி எண்ணுகிறது என்பது. "நம் தலையெழுத்து, எல்லாம் முடிந்தது" என்று நினைக்கிறார்களா? "கஷ்டந்தான், ஆனாலும் ஒரு வழி பிறக்கும்" என்று நினைக்கிறார்களா? இந்த மூன்றும் சேர்ந்துதான் குடும்பம் நிலைகுலையுமா, நிமிர்ந்து நிற்குமா என்பதை முடிவு செய்கின்றன.

வெள்ளம் வரும்போது பெரிய மரம் சாய்ந்துவிடும். நாணல் வளைந்து கொடுக்கும். வெள்ளம் வடிந்ததும் மறுபடி நிமிரும். குடும்பத்துக்கும் இந்த நாணலின் குணம் உண்டு. அதற்குத்தான் "மீண்டெழும் ஆற்றல்" என்று பெயர்.

698 குழந்தைகளின் கதை

பசிபிக் சமுத்திரத்தில் ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கவாய். 1955-ம் ஆண்டில் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளின் வாழ்க்கையை ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு அம்மையார்கள் இந்த ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர்கள். குழந்தைகள் வளர்ந்து நடுத்தர வயது ஆகும்வரை ஆராய்ச்சி நீடித்தது!

அவர்களில் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு ஆரம்பமே சரியில்லை. பிரசவத்தில் சிக்கல். வீட்டில் வறுமை. தாய் தந்தையருக்குள் சண்டை. சிலருடைய பெற்றோருக்குக் குடிப் பழக்கம் அல்லது மனநோய். இப்படிப் பல கஷ்டங்கள் ஒன்றுசேர்ந்த குழந்தைகள் இவர்கள்.

இவர்கள் எல்லோரும் கெட்டுப்போனார்களா? இல்லை. இவர்களில் மூன்றில் ஒரு பங்குபேர் நல்லவர்களாக, திறமையுள்ளவர்களாக, அன்பானவர்களாக வளர்ந்தார்கள்.

எப்படி? அவர்களைத் தாங்கிப் பிடிக்க யாராவது ஒருவர் இருந்தார். தாயாக இருக்கலாம். பாட்டியாக இருக்கலாம். அண்ணன் அக்காளாக இருக்கலாம். பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருக்கலாம். "உனக்கு நான் இருக்கிறேன்" என்று சொல்ல ஓர் ஆள் போதும்.

பிரசவத்தில் சிக்கலோடு பிறந்த குழந்தையின் எதிர்காலம், அதன் உடம்பில் மட்டும் இல்லை. அதைச் சுற்றியுள்ள மனிதர்களிடமும் இருக்கிறது. பெற்றோரின் மனப் பலத்தை டாக்டர்கள் கவனிக்கத் தொடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குடும்பத்துக்கு மூன்று தூண்கள்

சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த புரோமா வால்ஷ் என்ற அம்மையார் இந்த விஷயத்தை இன்னும் விரிவாக்கினார். 1998-ம் ஆண்டில் அவருடைய புத்தகம் வெளிவந்தது. கஷ்டத்தில் நிமிர்ந்து நிற்கும் குடும்பத்துக்கு மூன்று தூண்கள் உண்டு என்கிறார் அவர்.

ஒன்று, நம்பிக்கை. வந்த கஷ்டத்துக்கு ஓர் அர்த்தம் காண்பது. நல்லது நடக்கும் என்று எண்ணுவது. தெய்வத்தின் மேலோ, தருமத்தின் மேலோ பிடிப்பு வைப்பது.

இரண்டு, குடும்பத்தின் அமைப்பு. வேலையை மாற்றிப் பங்கு போட்டுக்கொள்வது, உற்றார் உறவினர் உதவி, கைச்செலவுக்குப் பணம்.

மூன்று, பேச்சு. உள்ளதை உள்ளபடி சொல்வது. அழ வேண்டுமானால் ஒருவர் முன் ஒருவர் அழுவது. சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுப்பது.

இந்த மூன்று தூண்களையும் கேள்விகளாக மாற்றினார்கள். 2005-ம் ஆண்டில் மெகன் சிக்ஸ்பி என்ற ஆராய்ச்சி மாணவி, பிளாரிடா சர்வகலாசாலையில் 54 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலைத் தயாரித்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான்கு விதமான பதில். முழுக்கச் சம்மதம் என்பதிலிருந்து, கொஞ்சமும் சம்மதம் இல்லை என்பது வரை. பதில்களுக்கு மார்க்குப் போட்டுக் கூட்டினால், அந்தக் குடும்பத்தின் தாங்கும் சக்தி எந்த அளவில் இருக்கிறது என்று ஒருவாறு தெரியும். வால்ஷ் அம்மையாரும் 32 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கியிருக்கிறார். பிற்காலத்தில் இவை பல மொழிகளில் பெயர்க்கப்பட்டன.

எது அதிகமாக வலிக்கிறது?

பலத்தை அளப்பது ஒரு பக்கம். பாரத்தை அளப்பது மறுபக்கம். கண்ணாடிப் பெட்டிக் குழந்தையின் பெற்றோருக்கென்றே ஒரு தனித் தராசு செய்தவர், அமெரிக்க நர்ஸுப் பேராசிரியை மார்கரெட் மைல்ஸ். 1993-ம் ஆண்டில் அவரும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தவர்களும் அதை வெளியிட்டார்கள்.

அதில் மூன்று பகுதிகள் இருக்கின்றன.

முதல் பகுதி, அந்த அறையின் காட்சிகளும் சத்தங்களும். கருவிகள், திடீரென்று அலறும் மணி, பக்கத்துப் பெட்டியில் நோயுற்றுக் கிடக்கும் வேறு குழந்தைகள் ஆகியவை எவ்வளவு வேதனை தருகின்றன?

இரண்டாவது பகுதி, குழந்தையின் தோற்றம். உடம்பெல்லாம் குழாய்கள், சிறுத்த உடல், நிறம் மாறுவது, மூச்சு நின்று வருவது ஆகியவை எவ்வளவு வேதனை தருகின்றன?

மூன்றாவது பகுதி, தாய் தந்தை என்ற ஸ்தானம். குழந்தையைத் தூக்க முடியாமல் இருப்பது, பாலூட்ட முடியாமல் இருப்பது, வலியில் துடிக்கும்போது காப்பாற்ற முடியாமல் இருப்பது, பிரிந்து இருப்பது. இவை எவ்வளவு வேதனை தருகின்றன?

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க்கு. வேதனையே இல்லை என்றால் 1. தாங்க முடியாத வேதனை என்றால் 5.

இப்போது ஒரு கேள்வி. இந்த மூன்றில் பெற்றோர் எதற்கு அதிக மார்க்குக் கொடுத்திருப்பார்கள்? ஊசிகளையும் குழாய்களையும் பார்ப்பதுதானே கொடுமை என்று நினைக்கத் தோன்றும். ஆனால், பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளில் மூன்றாவது பகுதிதான் முன்னால் வந்து நின்றது!

கருவியின் சத்தத்துக்குக் காது பழகிவிடுகிறது. குழாயைப் பார்த்துக் கண் பழகிவிடுகிறது. "என் குழந்தைக்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லையே" என்ற வேதனை மட்டும் பழகுவதே இல்லை. பெற்ற வயிறு தன்னைத் தாயாக உணர முடியவில்லை. அதுதான் பெரிய புண்.

இந்த ஒரு விடை, பல கதவுகளைப் பற்றிய கேள்வியைக் கிளப்பியது. தாயையும் பிள்ளையையும் பிரித்து வைத்தது யார்? ஏன்?

கதவு மூடிய கதை

1880-ம் ஆண்டு வாக்கில், பாரீஸ் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டர் தார்னியே என்பவர் குறைமாதக் குழந்தைகளுக்கு வெப்பப் பெட்டியைக் கொண்டுவந்தார். கோழிமுட்டைகளைப் பொரிக்க வைக்கும் சூட்டுப் பெட்டியைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை தோன்றியது! குளிரில் செத்துக்கொண்டிருந்த பல குழந்தைகள் பிழைத்தன.

அவருடைய சீடர் டாக்டர் பியர் புதேன். அவர் அப்போதே ஓர் ஆபத்தைக் கண்டார். குழந்தையைப் பிரிந்து, அதற்கு ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும் தாய்க்கு, நாளடைவில் குழந்தைமேல் பற்று விட்டுப் போவதைக் கவனித்தார். தாய்மார் வந்து பார்க்க வேண்டும், பாலூட்ட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

ஆனால் காலம் வேறு வழியில் போயிற்று. அமெரிக்காவில் கோனித் தீவு என்ற கேளிக்கை ஊரில், மார்ட்டின் கூனி என்பவர் குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கண்காட்சியே நடத்தினார். 1903 முதல் 1943 வரை, 40 வருஷம் அது நடந்தது. பார்க்க வந்தவர்களிடம் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் குழந்தைகளுக்கு வைத்தியம் நடந்தது. பெற்றோரிடம் அவர் காசு வாங்கவில்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தன என்பது உண்மை.

பிறகு ஆஸ்பத்திரிகளே இந்தக் குழந்தைகளை ஏற்றுக்கொண்டன. தொற்றுநோய்க்குப் பயந்து கதவை இறுக மூடின. தாய் தந்தையர் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டந்தான் அது. தாய் உள்ளே வந்தால் கிருமியும் உள்ளே வரும் என்று நம்பினார்கள்.

அது சரிதானா? அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கைகளை நன்றாகக் கழுவச் செய்து, தாய்மாரை உள்ளே விட்டார்கள். குழந்தையைத் தொடவும் அனுமதித்தார்கள். 1970-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். தொற்றுநோய் கூடவில்லை!

பஞ்சம் காட்டிய வழி

கதவை அகலத் திறந்தவை பணக்கார ஆஸ்பத்திரிகள் அல்ல. வசதி இல்லாத ஆஸ்பத்திரிகளே!

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாடு. தலைநகர் பொகோட்டாவில் ஏழைகளுக்கான ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைக்கும் நிலை. 1978-ம் ஆண்டில் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா ஒரு வழி சொன்னார். "தாயின் மார்பே வெப்பப் பெட்டியாக இருக்கட்டும்" என்பதுதான் அந்த வழி. கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல, தாய் தன் குழந்தையை மார்போடு மார்பாகக் கட்டிக்கொள்ள வேண்டும். இதுவே இன்று உலகமெங்கும் பேசப்படும் "கங்காரு தாய்ப் பராமரிப்பு".

அடுத்த வருஷம், ஐரோப்பாவில் எஸ்தோனியா நாட்டில் தாலின் நகரம். அங்கே நர்ஸுகள் போதவில்லை. டாக்டர் ஆதிக் லெவின் தாய்மாரையே கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் தங்கி, குழந்தையின் பராமரிப்பு முழுவதையும் தாய்மாரே செய்தார்கள். நர்ஸுகள் ஊசி மருந்தைக் கவனித்துக்கொண்டு, தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்த வழியைக் கனடா நாட்டு டொரொன்டோ நகரத்து டாக்டர் ஷூ லீ தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு பெரிய அளவில் ஒரு சோதனை நடந்தது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளில் 26 தீவிர சிகிச்சைப் பிரிவுகள். 1,700-க்கு மேற்பட்ட குறைமாதக் குழந்தைகள். சில இடங்களில் வழக்கமான முறை. மற்ற இடங்களில் புதிய முறை. புதிய முறையில் பெற்றோர் நாளுக்கு 6 மணி நேரமாவது, வாரத்துக்கு 5 நாளாவது குழந்தையோடு இருக்க வேண்டும். துணி மாற்றுவது, பால் கொடுப்பது, உடம்புச் சூடு பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. டாக்டர் சுற்றிவரும்போது, குழந்தையின் நிலையை எடுத்துச் சொல்வதும் அவர்களே!

2018-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. புதிய முறையில் குழந்தைகளின் எடை நன்றாகக் கூடியது. வீட்டுக்குப் போகும்போது தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளும் அதிகம். பெற்றோரின் பாரத்தை மார்கரெட் மைல்ஸின் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். அது குறைந்திருந்தது!

தராசு காட்டிய புண்ணுக்கு மருந்து, திறந்த கதவே.

தெரிந்துகொண்டால் பயம் குறையும்

கதவைத் திறந்தால் மட்டும் போதுமா? விஷயத்தையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பெர்னடெட் மெல்னிக் என்ற நர்ஸுப் பேராசிரியை, 260 குடும்பங்களில் ஒரு சோதனை செய்தார். குறைமாதக் குழந்தை எப்படி இருக்கும், எப்படி நடந்துகொள்ளும், பெற்றோர் என்ன உதவி செய்யலாம் என்பதை ஒலிநாடாவில் பதிந்து, ஒரு பயிற்சிப் புத்தகத்தோடு கொடுத்தார். முதல் சில நாட்களிலேயே கொடுத்தார்.

2006-ம் ஆண்டில் வந்த முடிவு என்ன? விஷயம் தெரிந்த தாய்மாருக்கு மனப்பாரம் குறைந்தது. அவர்களுடைய குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிடச் சுமார் 4 நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போயின. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. சொல்லிக் கொடுத்ததுதான் மருந்து!

டில்லியில் நடந்த சோதனை

இந்தியாவும் இதில் பின்தங்கவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஒரு பெரிய சோதனை நடத்தியது. டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி அதில் பங்கு கொண்டது.

ஒரு கிலோவுக்குக் குறையாமலும், 1 கிலோ 800 கிராமுக்குக் கீழும் எடையுள்ள குழந்தைகள் சேர்க்கப்பட்டன. பழைய வழக்கப்படி குழந்தை தேறிய பிறகுதான் தாயின் மார்பில் வைப்பார்கள். புதிய முறையில், பிறந்த உடனே தாயின் மார்பில் வைத்தார்கள். தாய்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் போட்டார்கள். தாயால் முடியாத நேரத்தில், பாட்டியோ வேறு உறவினரோ சுமந்தார்கள்.

2021-ம் ஆண்டில் முடிவு வந்தது. பழைய முறையில் 100 குழந்தைகளுக்குச் சுமார் 16 குழந்தைகள் 28 நாளுக்குள் இறந்தன. புதிய முறையில் 12. நூற்றுக்கு நான்கு உயிர் என்பது சின்னக் கணக்கா? அந்த நான்கு தாய்மாரைக் கேட்டால் தெரியும்!

டில்லி ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியிலும் பெற்றோரைப் பராமரிப்பில் சேர்க்கும் முறையை நடத்திப் பார்த்தார்கள். பிறகு 2017-ம் ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகம், குழந்தைப் பராமரிப்பில் குடும்பத்தார் பங்கு கொள்வதற்கான வழிமுறைகளை வெளியிட்டது.

இது பரீட்சை அல்ல

ஆனால், இந்த அளவுகோல்களைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது.

மார்க்குக் குறைந்தால் "பெயில்" என்று அர்த்தம் இல்லை. ஜுரம் பார்க்கும் கருவி நோயாளியைத் திட்டுவது கிடையாது. எங்கே சூடு என்று காட்டுகிறது, அவ்வளவுதான். அதுபோலவே இதுவும். மார்க்குக் குறைந்த குடும்பத்துக்குத்தான் ஆஸ்பத்திரியின் உதவி முதலில் போய்ச் சேர வேண்டும்.

ஊரில் நிலம் இருப்பவரும், தினக்கூலி வாங்குபவரும் ஒரே கேள்விக்கு ஒரே மாதிரி பதில் சொல்ல முடியாது. ராத்திரி தங்க இடம் இல்லை. சாப்பாட்டுக்குக் காசு இல்லை. வேலை போய்விடும் என்ற பயம். இந்த நிலையில் உள்ள தந்தையைப் பார்த்து "மனப் பலம் போதாது" என்று எழுதிவைப்பது அநியாயம். அவருக்கு உபதேசம் வேண்டாம். தங்க ஒரு பாயும், பஸ் செலவுக்குப் பணமும் வேண்டும். ரூபன் ஹில்லின் கணக்கில் இரண்டாவதாக வருவது கையில் உள்ள பலம் அல்லவா?

இன்னொன்று. அளவு நாளுக்கு நாள் மாறும். குழந்தைக்கு மூச்சு முட்டிய நாளில் கேட்டால் ஒரு பதில். 20 கிராம் எடை கூடிய நாளில் கேட்டால் வேறு பதில். ஆகையால் ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு கட்டக்கூடாது.

தாயை மட்டும் கேட்டால் போதாது. தந்தையையும் கேட்க வேண்டும். "ஆம்பிள்ளை அழக்கூடாது" என்று வாயைக் கட்டிக்கொண்டு நிற்கும் தந்தையின் பாரம், பல சமயம் யார் கணக்கிலும் வருவதில்லை.

தாய்க்கு மனச்சோர்வு வந்திருக்கிறதா என்று பார்க்க, 1987-ம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 10 கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார்கள். எடின்பரோ அளவுகோல் என்று அதற்குப் பெயர். சென்ற 7 நாளில் மனம் எப்படி இருந்தது என்று அது கேட்கிறது. தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளத் தோன்றியதா என்பதும் அதில் ஒரு கேள்வி. "தோன்றியது" என்று ஒரு தாய் சொன்னால், மொத்த மார்க்கைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இது பலவீனம் அல்ல. வைத்தியத்தால் குணமாகும் நோய்.

சுற்றத்தார் என்ன செய்யலாம்?

டாக்டரும் நர்ஸும் செய்ய வேண்டியதைச் செய்வார்கள். உற்றார் உறவினர் செய்ய வேண்டியது என்ன?

"யார் செய்த பாவமோ" என்று பேசக்கூடாது. "நீ மாசமாக இருக்கும்போது அதைச் சாப்பிட்டாயே, அங்கே போனாயே" என்று தாயைக் குற்றம் சொல்லக் கூடாது. குறைப் பிரசவத்துக்குக் காரணம் பல. பல சமயம் காரணமே தெரிவதில்லை. ஏற்கெனவே தன்னைத்தானே நொந்துகொண்டிருக்கும் தாய்க்கு, அந்த ஒரு வார்த்தை கத்திக் குத்து.

வேளைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாம். மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைக்கலாம். தந்தை ஒரு ராத்திரி தூங்குவதற்காக, பெஞ்சில் அவருக்குப் பதில் ஒருவர் உட்காரலாம். குழந்தை பால் உறிஞ்ச முடியாவிட்டாலும், தாய் கறந்து கொடுக்கும் சில சொட்டுப் பால் அதற்கு அமுதம் என்று சொல்லித் தைரியப்படுத்தலாம்.

டாக்டர் சொன்னது விளங்காவிட்டால், மறுபடி கேட்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை. எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து, சந்தேகங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது.

உள்ளே போக அனுமதி கிடைத்தால், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போக வேண்டும். குழந்தையின் கையில் ஒரு விரலைக் கொடுத்தால், அது பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோ எடைகூட இல்லாத உயிர், தன் தாயின் விரலை இறுகப் பிடிக்கும்!

எல்லாக் குழந்தைகளும் வீட்டுக்கு வந்துவிடுவதில்லை. சில பெற்றோர் வெறுங்கையோடு திரும்ப நேர்கிறது. மீண்டெழுவது என்றால், துக்கமே இல்லாமல் இருப்பது அல்ல. அழுது, ஒருவரை ஒருவர் தாங்கி, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசி, அடுத்த நாளை நடத்துவது. அப்படிப்பட்ட பெற்றோரும் அந்தக் குழந்தைக்குத் தாய் தந்தையர்தான். பிள்ளை இருந்த நாட்களில் பக்கத்தில் இருந்தோம், தொட்டோம், ஒரு சொட்டுப் பால் கொடுத்தோம் என்ற நினைவு அவர்களுக்கு மிஞ்சும்.

1963-ம் ஆண்டில் ஜனாதிபதியின் மனைவிக்குக்கூட அந்த நினைவு போதுமான அளவு கிடைக்கவில்லை. இன்று ஒரு கூலிக்காரரின் மனைவிக்கும் அதைக் கொடுக்க முடியும். அதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, "உட்காருங்கள் அம்மா" என்று சொன்னால் போதும்!